தறி வீடும் பாவுத் தெருவும்

2020 மார்ச் 25 அன்று நாடு முழுக்க அடைக்கப்பட்டபோது 'ஒர்க் ஃப்ரம் ஹோம்' என்கிற சொற்றொடர் ஒரே வாரத்தில் தமிழ்ச் சொல்லாகிவிட்டது. அதன் சாதக பாதகங்களைப் பட்டியல் போட்டுப் பேசுவது அன்று தொடங்கியது, இன்னும் ஓயவில்லை. பஸ் சார்ஜ் மிச்சம், குழந்தையைப் பார்த்துக்கொள்ளலாம், மேலதிகாரி முதுகுக்குப் பின்னால் வந்து நிற்கமாட்டான் என்று ஒரு பக்கம். வேலைக்கும் வீட்டுக்கும் எல்லை அழிந்துபோகிறது, கரண்ட் பில் நம் தலையில் விழுகிறது, கூட வேலை செய்கிறவன் முகமே மறந்துபோகிறது என்று இன்னொரு பக்கம். பொதட்டூர்பேட்டையில் உட்கார்ந்து இந்தப் பேச்சைக் கேட்கிறவருக்குச் சிரிப்புத்தான் வரும். இங்கே வேலை எப்போது வீட்டைவிட்டு வெளியே போயிற்று, இப்போது திரும்பி வருவதற்கு?

ஆல்வின் டாஃப்ளர் 1980இல் வெளியிட்ட 'மூன்றாம் அலை' நூலில் 'மின்னணுக் குடிசை' என்றொரு கனவு வருகிறது. தொழிற்சாலை யுகம் முடிந்து உழைப்பு மறுபடி வீட்டுக்குத் திரும்பும், சிதறிய குடும்பம் கணினியைச் சுற்றி ஒன்றுகூடும் என்பதாக அது விரிகிறது. இந்த வரலாற்றில் எல்லோரும் ஒருமுறை வீட்டைவிட்டுத் தொழிற்சாலைக்குப் போயாக வேண்டும். போனால்தானே திரும்ப முடியும். மேற்கின் அனுபவத்தை உலகத்தின் அனுபவமாக வரைந்துவிடுகிற பழைய வியாதி இது. நம் பக்கத்தில் குடிசைக்குள் மின்சாரம் வந்தது, குழித்தறி போய் விசைத்தறி வந்தது, ஓலைக் கூரை போய் தளம் வந்தது. வேலை மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது. ஆகவே தராசைத் தூக்குவதற்கு முன் வேறொன்றைக் கேட்க வேண்டியிருக்கிறது. வீட்டில் இருந்து உழைத்தவருக்கு எந்தக் காலத்திலாவது ஒரு பிடிமானம் இருந்ததா? இருந்தது என்றால் அது வீட்டிலிருந்து வந்ததா, வேறெங்காவது இருந்து வந்ததா?

திருத்தணியைத் தாண்டிப் பள்ளிப்பட்டுப் பக்கம் போனால் பொதட்டூர்பேட்டை, அத்திமாஞ்சேரிப்பேட்டை, சொரக்காய்ப்பேட்டை, ஆர்.கே.பேட்டை, அம்மையார்குப்பம் என்று தறி ஊர்களாகவே வரும். ஊருக்குள் நுழைகிறவரைக் கண்ணுக்கு முன் காதுதான் வரவேற்கும். வீட்டின் முன்கட்டில் தறிகள்; தறிகளுக்கு மிச்சமான இடத்தில் குடும்பம். ஒருவர் இரண்டு தறி, நான்கு தறி என்று ஓட்டுவார். பாவும் ஊடை நூலும் முதலாளி கொடுப்பது. நெய்த துணி அவருக்குப் போய்ச் சேரும். கூலி துணியின் அளவுக்கு. தறி நெசவாளியுடையது, அல்லது தறிக்கு வாங்கிய கடனுடையது. இடம், சுவர், மின் இணைப்பு, மழைக்காலத்து ஒழுகல் எல்லாம் நெசவாளியின் கணக்கு. நாடா உடைந்தால், பெல்ட் அறுந்தால் அதுவும் அவர் கணக்குத்தான். துணியில் குறை விழுந்தால் கூலியில் பிடித்தம்.

வீட்டில் தார் சுற்றுகிறவர் யார்? மனைவி, அம்மா, பள்ளிக்கூடம் விட்டு வந்த பெண். இழை அறுந்தால் ஓடிவந்து பிடிக்கிறவர் யார்? அடுப்பில் குழம்பை வைத்துவிட்டு வந்த அதே மனைவி. கூலி ஒன்றுதான், அதை வாங்குகிற கையும் ஒன்றுதான். மரியா மீஸ் 1982இல் ஆந்திராவின் நரசாப்பூர் லேஸ் பின்னும் பெண்களைப் பற்றி எழுதிய நூல் இந்த இடத்தில் உதவும். உலகச் சந்தைக்குப் பின்னுகிற பெண்ணை 'சும்மா இருக்கிற நேரத்தில் ஏதோ செய்கிற இல்லத்தரசி' என்று பெயர் சூட்டிவிட்டால் கூலியைக் குறைப்பது எளிது என்பதே அவருடைய வாதத்தின் சாரம். நரசாப்பூரில் அந்தப் பெண்ணுக்குக் குறைந்த கூலியாவது தனியாக வந்தது. இங்கே தார் சுற்றுகிற பெண்ணின் உழைப்பு கணவரின் கூலிக்குள்ளேயே கரைந்துபோகிறது. வீட்டிலிருந்து வேலை செய்வதன் முதல் 'சாதகம்' குடும்பத்தோடு இருக்கலாம் என்பது. குடும்பத்தோடு இருக்கிறோம், சரி. குடும்பமே வேலை செய்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டாமா?

வீடு என்பது அரசின் கண்ணுக்குத் தப்பிய அந்தரங்க வெளி என்கிற எண்ணமும் நெசவாளி வீட்டுக்குப் பொருந்தாது. சோழர் காலக் கல்வெட்டுகளில் 'தறி இறை' வருகிறது. தறி வீட்டுக்குள் நின்றாலும் அதை எண்ணி வரி வாங்க அரசனுக்குத் தெரிந்திருந்தது. கம்பெனி ஆட்சியிலும் தறிக்கு 'மொதுர்பா' என்று வரி இருந்தது. வரிக்கு எண்ணும்போது தறி தெரியும். கூலிக்கும் காப்புக்கும் எண்ணும்போது மட்டும் அது வீட்டுச் சாமானாகிவிடும். இந்த விளையாட்டு பின்னால் சட்டத்திலும் வருகிறது.

கம்பெனிக் காலத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். 1639இல் சென்னையில் கால் ஊன்றியவர்கள் வந்ததே துணிக்காகத்தான். துணியைக் கோட்டைக்குள் நெய்ய முடியாது. நெய்கிறவன் தன் வீட்டில், தன் தறியில் இருந்தான். ஆகவே கவர்னர் மார்ட்டன் பிட் 1734இல் கூவம் வளைவில், சுங்குராமச் செட்டியின் தோட்டம் இருந்த இடத்தில், நெசவாளர்களுக்கென்றே ஒரு பேட்டையை உண்டாக்கினார். அதுதான் சிந்தாதிரிப்பேட்டை, சின்னத் தறிப்பேட்டை என்பதன் மரூஉ என்று சொல்வதுண்டு. தொழிற்சாலை கட்டுவதற்குப் பதில் வீடுகள் கட்டினார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். முதல் போட்டவனுக்கு அன்று வேண்டியிருந்தது கூரை அல்ல, பக்கத்தில் குடியிருக்கிற கைகள்.

இந்த ஏற்பாட்டை ஓட்டியது முன்பணம். வியாபாரி முன்பணம் கொடுப்பான், நெசவாளி நூல் வாங்கி நெய்து துணியாகத் திருப்புவான். முன்பணம் என்றாலே கொத்தடிமை என்று நாம் உடனே நினைத்துவிடுகிறோம். பிரசன்னன் பார்த்தசாரதி 18ஆம் நூற்றாண்டுத் தென்னிந்திய நெசவாளர் பற்றி 2001இல் வெளியிட்ட நூல் இந்த நினைப்பை அசைத்துப் பார்க்கிறது. அன்றைய வழக்கப்படி நெசவாளி எப்போது வேண்டுமானாலும் முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்து ஒப்பந்தத்தை முறித்துக்கொள்ளலாம். வேறொருவன் கூடுதல் விலை தந்தால் அங்கே போகலாம். கொடுத்த வியாபாரிக்கோ அதேபோல நினைத்த நேரத்தில் பணத்தைத் திரும்பக் கேட்கும் உரிமை இல்லை. நெருக்கினால் நெசவாளர்கள் கூட்டமாக ஊரையே காலி செய்து அடுத்த பாளையத்துக்குப் போனார்கள். குழித்தறியில் எடுத்துப்போக வேண்டியது அச்சும் விழுதும் நாடாவும்தானே. குழியைப் போகிற ஊரில் தோண்டிக்கொள்ளலாம். அடுத்த ஊர் ஆட்சியாளனும் வரவேற்றான். பார்த்தசாரதி போட்ட வருமானக் கணக்கை மறுக்கிற பொருளாதார வரலாற்றாளர்கள் உண்டு. அன்றைய நெசவாளியை ரொம்பவும் செழிப்பாக வரைந்துவிட்டார் என்கிற சந்தேகம் எனக்கும் உண்டு. ஆனால் திருப்பிக் கொடுத்துவிட்டு விலகும் உரிமை என்கிற அந்தப் புள்ளி முக்கியமானது.

கம்பெனி அரசானதும் முதலில் கை வைத்தது இந்த உரிமையில்தான். 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நடு வியாபாரிகளை ஒதுக்கிவிட்டு குமாஸ்தாவும் சேவகரும் நேரடியாக நெசவாளியின் வாசலுக்கு வந்தார்கள். கம்பெனி முன்பணம் வாங்கியவன் வேறு யாருக்கும் நெய்யக் கூடாது, வாங்கியதைத் திருப்பிவிட்டு நகரவும் கூடாது என்றானது. போக்கிடம் தந்த பாளையங்களும் ஒவ்வொன்றாகக் கம்பெனிக்குக் கீழே வந்துவிட்டன. வீடு அதே வீடு, தறி அதே தறி, நெய்கிற துணியும் அதுவே. ஒரு தலைமுறைக்குள் சுதந்திரமாக உழைக்கிற இடம் அடைத்துவைக்கிற இடமாக மாறிவிட்டது. மாறியது சுவருக்கு வெளியே இருந்த அதிகாரம்.

ஈ.பி. தாம்சன் 1967இல் எழுதிய நேரமும் வேலை ஒழுங்கும் பற்றிய கட்டுரையை நம்மவர்கள் நிறைய மேற்கோள் காட்டுவோம். கடிகாரத்துக்கு முந்தைய உழைப்பு வேலையை வைத்து நாளை அளந்தது, நாளை வைத்து வேலையை அளக்கவில்லை என்பது அவர் பார்வை. தறி ஊரிலும் அப்படி ஒரு நேரம் இருந்தது. திருத்தணி ஆடிக் கிருத்திகைக்குத் தறி நிற்கும், கல்யாணம் சாவுக்கு நிற்கும், மழையில் குழியில் தண்ணீர் ஊறினால் நின்றே ஆக வேண்டும். இந்த இளைப்பாறலை லேசாகப் பேசிவிட முடியாது. சங்கு ஊதியதும் கேட்டுக்குள் ஓடிய மில் தொழிலாளிக்கு அது கிடைத்ததில்லை. எனினும் நின்ற நாளுக்குக் கூலி இல்லை என்பதால் நிற்பதற்கு முந்தைய ராத்திரியெல்லாம் தறி ஓடும். 'நம்ம இஷ்டத்துக்கு வேலை' என்பதில் இஷ்டம் எவ்வளவு, கூலிவிகிதம் எவ்வளவு என்று பிரித்துப் பார்த்தவர் குறைவு.

வீட்டுக்கும் தொழிலுக்குமான இந்த ஒட்டுதல் தமிழ்நாட்டில் சாதி இல்லாமல் பேசக்கூடியதல்ல. 1953இல் ராஜாஜி கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டம் பிள்ளைகளை அரை நாள் பள்ளியில் வைத்து, மிச்ச நேரத்தில் பெற்றோர் தொழிலைக் கற்க வீட்டுக்கு அனுப்பியது. வீடு ஒரு பட்டறை, அப்பா ஓர் ஆசான் என்கிற கற்பனை கேட்க இனிமையாகத்தான் இருக்கிறது. திராவிட இயக்கம் அதைக் 'குலக்கல்வி' என்று பெயரிட்டு எதிர்த்தது. 1954இல் ராஜாஜி பதவி விலகினார், காமராஜர் வந்தார், திட்டம் கைவிடப்பட்டது. அந்தப் போராட்டத்தைக் கல்வி வரலாற்றில் வைத்தே படிக்கிறோம். உழைப்பின் வரலாற்றிலும் அதற்கு இடம் உண்டு. வேலை செய்கிற இடமும் பிறந்த இடமும் ஒன்றாகவே இருந்தால் பிறப்பே வேலையைத் தீர்மானித்துவிடும் என்பதை அன்று தமிழ்நாடு புரிந்துகொண்டது. தார் சுற்றாமல் பள்ளிக்கூடம் போன பையனும் பெண்ணும்தான் பிற்பாடு வீட்டைவிட்டு வெளியேறி வேறு வேலைக்குப் போனார்கள். வெளியே போவது அவர்களுக்கு விடுதலையாகவும் இருந்தது. இன்று வீட்டு வேலையைப் புகழ்கிறவர்கள் இதைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

வெளியே இருந்தது சொர்க்கம் என்றும் சொல்லவில்லை. 2006இல் ஸ்ரீபெரும்புதூரில் தொடங்கிய நோக்கியா ஆலைக்குத் திருவள்ளூர், காஞ்சிபுரம் மாவட்டக் கிராமங்களிலிருந்து கம்பெனி பஸ்ஸில் ஆயிரக்கணக்கான இளம்பெண்கள் போனார்கள். முதல் சம்பளம், முதல் வங்கிக் கணக்கு, வீட்டுக்கு வெளியே முதல் சிநேகிதிகள். 2014 நவம்பரில் உற்பத்தி நின்றது. எட்டு வருஷம், ஒரு தறியின் ஆயுள்கூட இல்லை.

சட்டத்தின் கதைக்கு வருவோம். 1948ஆம் ஆண்டு தொழிற்சாலைச் சட்டத்தின்படி மின்விசையோடு 10 பேர், மின்விசை இல்லாமல் 20 பேர் வேலை செய்த இடம்தான் தொழிற்சாலையாக இருந்தது. நான்கு தறியும் கணவன் மனைவியும் இருக்கிற முன்கட்டு அந்த வலையில் விழாது. வேலை நேரம், காற்றோட்டம், பஞ்சுத் தூசி, காது செவிடாகிற சத்தம் எதையும் ஆய்வாளர் வந்து பார்க்க வேண்டியதில்லை. 1982 ஜனவரியில் தொடங்கிய பம்பாய் மில் வேலைநிறுத்தத்துக்குப் பிறகு நெசவு வேகமாக மில்லை விட்டுப் பிவண்டி போன்ற விசைத்தறி ஊர்களுக்கு நகர்ந்தது தற்செயல் இல்லை. சங்கம் இருந்த கூரையைவிடச் சட்டம் நுழையாத சிறுகூரைகள் முதலாளிக்கு மலிவு. மார்க்ஸ் 'மூலதனம்' முதல் பாகத்தில் நவீன வீட்டுத் தொழிலைத் தொழிற்சாலையின் வெளிக்கிளையாகவே பார்த்தார். அது பழைய கைத்தொழிலின் எச்சம் என்று அவர் ஏமாறவில்லை. நம் 'குடிசைத் தொழில்' சொல்லாடல் இன்றுவரை ஏமாந்துகொண்டிருக்கிறது.

வீட்டுக்குள் சட்டம் நுழையவே முடியாதா? முடியும் என்று பீடித் தொழிலாளர்கள் காட்டினார்கள். இலையையும் தூளையும் வாங்கிப்போய் வீட்டில் சுற்றுகிறவர் எங்கள் தொழிலாளி இல்லை, இடையில் காண்ட்ராக்டர் இருக்கிறார் என்று முதலாளிகள் வாதாடினார்கள். சேலம் பீடித் தொழிலாளர் சங்கத்தின் வழக்கில் 1964இல் உச்ச நீதிமன்றம் அந்தக் காண்ட்ராக்டர் ஏற்பாடு வெறும் மறைப்பு, அவர்கள் முதலாளியின் தொழிலாளர்களே என்றது. 1966இல் வந்த பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம் வீட்டில் சுற்றுகிறவரையும் தொழிலாளி என்ற வரையறைக்குள் கொண்டுவந்தது. அதன்பின் பி.எஃப்.பும் வந்தது. பாவும் நூலும் வாங்கிப்போகிற நெசவாளிக்கும் இலையும் தூளும் வாங்கிப்போகிறவருக்கும் என்ன வித்தியாசம்? தறி சொந்தம் என்பதுதான். அந்த ஒரு சொந்தத்துக்காக அவர் 'சிறு உற்பத்தியாளர்' ஆனார். தொழிலாளி என்கிற தகுதி கைநழுவிப்போனது.

1960 ஏப்ரல் 1 அன்று, ம.பொ.சி.யும் மங்கலங்கிழாரும் நடத்திய வடஎல்லைப் போராட்டத்தின் பலனாகத் திருத்தணிப் பகுதி ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்திலிருந்து சென்னை மாநிலத்துக்கு வந்தது. நகரியும் புத்தூரும் அந்தப் பக்கமே நின்றன. இரு பக்கமும் தறி. மின்கட்டண விதி மட்டும் எல்லைக் கல்லோடு மாறும். தமிழ்நாட்டில் விசைத்தறிக்கு இரண்டு மாதத்துக்கு 500 யூனிட் இலவசம் 2006இல் வந்தது, 2016இல் 750 ஆனது, 2023இல் 1000 ஆனது. இந்தச் சலுகை இல்லாவிட்டால் பல தறி எப்போதோ இரும்புக் கடைக்குப் போயிருக்கும். அதேசமயம் இந்தச் சலுகை நெசவாளியிடமே தங்குகிறதா, அல்லது 'கரண்ட்தான் ஃப்ரீயாச்சே' என்று கூலிப் பேச்சில் கழிக்கப்பட்டுப் பாவு கொடுக்கிறவரிடம் போய்ச் சேருகிறதா என்று கேட்டால் பதில் ஊருக்கு ஊர் வேறு. பேரம் பேசும் பலத்தைப் பொறுத்தது அது.

இங்கேதான் தெரு வருகிறது. கைத்தறிக் காலத்தில் பாவு வீட்டுக்குள் அடங்காது. விடிகாலையில் தெருவின் நீளத்துக்கு அதை நீட்டிக் கட்டி, கஞ்சி போட்டு, பிரஷ்ஷால் வாரி, வெயில் ஏறுவதற்குள் சுருட்ட வேண்டும். ஒரு குடும்பத்தால் ஆகாது. எதிர்வீடு, பக்கத்து வீடு எல்லாரும் கை கொடுக்க வேண்டும், நாளைக்கு அவர்கள் பாவுக்கு இவர்கள். கூலி எவ்வளவு போகிறது, எந்த முதலாளி நூல் மட்டம், யார் பிடித்தம் அதிகம் பண்ணுகிறார், எல்லாம் அந்தப் பாவுக்கு இரண்டு பக்கமும் நின்று பேசப்பட்டன. தறி வீட்டில் இருந்தாலும் தொழிற்கூடம் தெருவாக இருந்தது. கூட்டமாக ஊரைக் காலி செய்த அந்தப் பழைய நெசவாளர்களின் பலமும் இதே தெருவிலிருந்துதான் வந்திருக்க வேண்டும். தனி வீடு அப்படிக் கிளம்பாது.

கஞ்சி போட்ட பாவு பீமில் சுற்றி வேனில் வந்து இறங்கத் தொடங்கியதும் தெரு காலியானது. ஆனாலும் முற்றாகப் போய்விடவில்லை. கூலி உயர்வு கேட்டுப் பள்ளிப்பட்டு, ஆர்.கே.பேட்டை வட்டாரத்தில் தறிகளை நிறுத்திய போராட்டங்கள் பலமுறை நடந்திருக்கின்றன. இந்த வேலைநிறுத்தத்துக்கு கேட் கிடையாது, மறியல் கிடையாது. சத்தம் நின்றால் வேலைநிறுத்தம். ஒரு வீட்டில் மட்டும் தறி ஓடினால் தெருவுக்கே தெரிந்துவிடும். விசைத்தறியின் இந்த இரைச்சலுக்கு இப்படி ஓர் உபயோகம் இருக்கிறது என்பதை எந்தச் சுகாதார அறிக்கையும் எழுதாது.

2020க்குத் திரும்பினால், நூல் வரத்தும் போக்குவரத்தும் நின்றுபோய் முன்கட்டில் தறி ஓய்ந்துகிடந்த காலத்தில், சென்னையிலிருந்து ஊர் திரும்பிய பிள்ளைகள் உள் அறையில் லேப்டாப்பைத் திறந்து உட்கார்ந்தார்கள். அதுவரை கால் சென்டர் போன்ற நிறுவனங்கள் ஊழியரை வீட்டிலிருந்து வேலை வாங்கத் தொலைத்தொடர்புத் துறையின் கட்டுப்பாடுகள் இருந்தன. 2020 மார்ச்சில் அவை தளர்த்தப்பட்டன, நவம்பரில் பெரும்பாலும் நீக்கப்பட்டன. எட்டே மாதம். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு வீட்டு உழைப்புக்கென்று 1996இல் நிறைவேற்றிய 177ஆம் உடன்படிக்கையை இந்தியா இன்றுவரை ஏற்கவில்லை. 2008ஆம் ஆண்டுச் சட்டத்திலும் 2020ஆம் ஆண்டு சமூகப் பாதுகாப்புத் தொகுப்பிலும் 'வீட்டிலிருந்து உழைப்பவர்' என்று ஒரு வரையறை எழுதினார்கள். கருவியைக் கொடுத்தது யார் என்பது பொருட்டல்ல என்றும் அதில் இருக்கிறது. நல்ல வரி. அந்த வரியோடு கூலியும் வேலை நேரமும் வரவில்லை.

லேப்டாப்பில் இருக்கிற பிள்ளைக்கு மாதச் சம்பளம், பி.எஃப்., மருத்துவக் காப்பீடு உண்டு. தறியில் இருக்கிற அப்பாவுக்கு எதுவும் இல்லை. இருவரையும் ஒரே தட்டில் வைப்பது அநியாயம். ஆனால் அறை வாடகை, மின்சாரம், நாற்காலி, தேநீர் கொண்டுவந்து வைக்கிற அம்மாவின் உழைப்பு எல்லாம் இரண்டு முதலாளிகளுக்கும் இனாம். அப்பாவுக்கு முன்பணம் போல, பிள்ளைக்கு 90 நாள் நோட்டீஸ், சில இடங்களில் பாண்டு பத்திரம், ரிலீவிங் லெட்டருக்கான காத்திருப்பு. திருப்பிக் கொடுத்துவிட்டுக் கிளம்பலாமா என்கிற பழைய கேள்வி அங்கேயும் இருக்கிறது. அப்பாவுக்குக் கூலி குறைந்தால் எதிர்வீட்டில் கேட்டுத் தெரிந்துகொள்வார். பிள்ளையின் சம்பளம் பக்கத்துத் திரையில் இருப்பவருக்குத் தெரியக் கூடாது என்று ஒப்பந்தத்திலேயே எழுதிக் கையெழுத்து வாங்குவது வழக்கமாக இருக்கிறது. அந்த வேலைக்கு வீடு கிடைத்துவிட்டது. தெரு இன்னும் கிடைக்கவில்லை.